கூட வந்தவர் யார்?

போன மாதம் வண்ணார்பேட்டையில் ஒரு தனியார் பல் மருத்துவமனையில் எனக்கு ஒரு பல் பிடுங்கினார்கள். கீழ்வரிசை, வலது கடைவாய். பிடுங்குவதற்கு முன் அங்கே வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் என் பற்களை எண்ணி இருபத்து மூன்று என்று எழுதினார்கள். இருபத்து நான்கு என்று நான் திருத்தினேன். மேல்வரிசையின் கடைசியில் ஒரு வேர் ஈறுக்குள் புதைந்து கிடக்கிறது, அதை விட்டுவிட்டார்கள். மறுபடி பார்த்துவிட்டு, "ஆமா சார், இருக்கு" என்றாள் சுபா. மற்றவள் பெயர் ஜெபா. இரண்டு பேரும் டென்டல் ஹைஜீனிஸ்ட், அதாவது பல்லைச் சுத்தம் செய்து ஈறைச் சோதிக்கிறவர்கள். நானும் அதே வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன், அதில் பல வருடம் இங்கிலாந்தில் என்று சொன்னதும் டாக்டர் வரும்வரை என்னை விடவில்லை.

பல்லைப் பிடுங்கிப் பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்ன பிறகும் பேச்சு நிற்கவில்லை.

"சார், எங்க தாத்தா பினாங்குல பொறந்தவரு. பூர்வீகத்த வச்சு வெளிநாட்டுல இதே வேல வாங்கித் தாரேன்னு ஒரு ஏஜென்ட் சொல்லுதாரு. நடக்குமா?" என்றாள் சுபா.

"இவளுக்காவது பினாங்குத் தாத்தா இருக்காரு. எங்க தாத்தா முக்கூடலத் தாண்டுனதே இல்ல சார். எனக்கு ஏதும் வழி இருக்கா?" என்றாள் ஜெபா.

வாயில் பஞ்சு. பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் தாத்தா கப்பலில் பிறந்தவர். அவருடைய அப்பாவுக்குக் கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் வேலை. அம்மா நிறைமாதமாக இருந்தபோது நாள் கணக்கைத் தப்பாகப் போட்டுக்கொண்டு தூத்துக்குடியில் கப்பல் ஏறிவிட்டார். கொழும்புக் கரை தெரியும் முன்பே பிள்ளை வந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் யாரும் கணக்கைத் தப்பாகப் போட்டது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன். கடலில் பிறந்தவனுக்கு ஊர் எது? சம்பந்தம் பேச வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். ஆகவே வீட்டில் குலசேகரன்பட்டினம் என்று சொல்லிச் சமாளித்தார்கள். ஊரார் நம்பவில்லை. எங்கள் வீட்டுக்குக் 'கப்பல் வீடு' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள்.

அந்தக் கப்பலில் விஷயம் இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் என் அக்காள் வீட்டுக்காரர், சாமுவேல் அத்தான். தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் எழுத்தராக இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே செல்லத்துரை, ஒங்க தாத்தாவுக்கு ஊரே கெடையாதுன்னு சிரிச்சாங்கள்லா? அந்தக் கப்பலு இங்கிலாந்துல பதிஞ்ச கப்பலாம்லே. அதுல பொறந்தா அந்த நாட்டுல பொறந்த மாதிரிதான் கணக்காம். பேரனுக்கு அங்க போயி வேல பாக்க விசா குடுக்கான். நீ வெள்ளக்காரன் பேரம்லே!"

"சும்மா இரிங்க அத்தான், நாலு பேரு பாக்காங்க" என்றேன். ஆனால் அன்று மதியமே அந்தக் கப்பலின் பெயரை விசாரிக்க ஆரம்பித்தேன்.

கப்பல் தலைவர் பிறப்பை முறையாகப் பதிந்திருந்தார். நகல் வாங்கினோம், விசா கிடைத்தது. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை, அலைச்சல்தான். சுபாவுக்கு ஒரு வார்த்தை: எனக்கு இருந்தது இங்கிலாந்தின் விதி. பினாங்கில் பிறந்த தாத்தாவை வைத்து இங்கிலாந்துக்குள் போக முடியாது. எந்த நாடு, எந்த விதி, இன்றும் அது நடப்பில் இருக்கிறதா என்று அந்த நாட்டுத் தூதரகத்தில் கேள். ஏஜென்டிடம் கேட்காதே. தாத்தா இல்லாமல் படிப்பை மட்டும் வைத்துப் போக வழி உண்டா என்று ஜெபாவும் தூதரகத்திலேயே கேட்கட்டும். இன்னொன்று. பூர்வீகம் நாட்டுக்குள் விடும். ஒருவர் வாய்க்குள் கையை விட அது போதாது.

இந்த வேலையை நான் கற்றது சென்னையில், இரண்டு வருடம். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பல்லில் கெட்டியாகப் படியும் காரையைச் சுரண்டும் கருவிகளைச் சாணை பிடிக்கத் தெரிந்துகொண்டேன், மெஸ் சாம்பாரைத் தின்று உயிர் பிழைத்தேன். வேலையாகக் கற்றது அதற்குப் பிறகு, பாளையங்கோட்டையில் ஓர் அரசு ஆஸ்பத்திரியின் பல் பிரிவில், டாக்டர் சங்கரலிங்கத்திடம்.

அவர் வாய்க்குள் பார்க்கும் முன்பு கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கூட யாரு வந்திருக்கா?" நோயாளி தனியாக வந்ததாக எனக்கு நினைவே இல்லை. மச்சான் வருவார், கொழுந்தியாள் வருவாள், பக்கத்து வயல்காரர் வருவார். ஒருவர் பையைப் பிடித்திருப்பார், ஒருவர் சீட்டைப் பிடித்திருப்பார். வாயில் மோசமாக எதையாவது கண்டால் டாக்டர் நோயாளியிடம் முகம் மாறாமல், "ஒண்ணுமில்லவே, பைய பாத்துக்கிடலாம்" என்பார். பிறகு மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்புறம் போய், கூட வந்தவரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்வார்.

முக்கூடலில் இருந்து ஒருவர் வந்தார். புகையிலையைக் கன்னத்தில் அடக்கியே பழகியவர். அடக்கும் இடத்தில் வெள்ளையாக ஒரு திட்டு, நடுவில் புண். டாக்டர் அவரிடம் "வாய்ப்புண்ணு" என்றார். ஜன்னலுக்குப் பின்னால் மச்சானிடம் புற்று என்று நோயின் பெயரைச் சொன்னார். மச்சான் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுது, முகத்தைக் கழுவி, திரும்பி வந்து, "வாரும் அத்தான், மதுரைல ஒரு கலியாணம் இருக்கு, அப்படியே இதையும் காட்டிட்டு வருவோம்" என்றார். மதுரையில் அறுவை சிகிச்சை நடந்தது. ஆள் பிழைத்தார். அதைப் பார்த்த பிறகு, இதுதான் முறை என்று என் மனதில் பதிந்துவிட்டது. யாரும் எனக்கு அப்படிக் கற்பிக்கவில்லை. கற்பிக்க வேண்டிய விஷயமாகவே யாருக்கும் தோன்றவில்லை.

இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, நான் இங்கிலாந்து போய். கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். ஒரு பல் மருத்துவரின் மேற்பார்வையில் ஆறு மாதம் வேலை செய்து, அவர் தகுதி என்று கையெழுத்துப் போட்டால்தான் முழுப் பதிவு என்று எனக்கு விதித்திருந்தார்கள். போடாவிட்டால் திரும்ப வேண்டியதுதான். பாளையங்கோட்டை வேலையில் நீண்ட விடுப்பு போட்டுவிட்டுப் போயிருந்தேன். அதற்கு மேல் நீட்டினால் இந்த வேலையும் போய்விடும். மனைவி கிரேஸ் இரண்டு மகள்களுக்கும் பள்ளிக்கூடத்தில் டி.சி. கேட்டு வைத்திருந்தாள். வாங்கட்டுமா வேண்டாமா என்று ஒவ்வொரு போனிலும் கேட்பாள்.

கையெழுத்துப் போட வேண்டியவர் டாக்டர் ப்ரைஸ். அறுபதை நெருங்கிய, ஒல்லியான அம்மையார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. சிரித்தும் பார்த்ததில்லை. நான் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் கோடு போட்ட அளவுக்கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்கி, ஆழத்தை மில்லிமீட்டரில் சொல்லுவேன்; நர்ஸ் குறித்துக்கொள்வாள். முடிந்ததும் டாக்டர் ப்ரைஸ் வந்து, தான் விரும்பிய மூன்று பற்களை மட்டும் அளப்பார். என் எண்ணும் அவர் எண்ணும் ஒத்துப்போனால் "ம்." ஒத்துப்போகாவிட்டால் பேசாமல் கம்பியை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பார். மறுபடி அளக்க வேண்டும். தவறு என்ற சொல்லை அவர் சொன்னதே இல்லை. முதல் மாதத்தில் பலமுறை கம்பியை வாங்கினேன். ஐந்தாம் மாதத்தில் எல்லாம் "ம்" தான். இனிக் கையெழுத்துக்குத் தடை இருக்காது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும் இரண்டு நாள் தூக்கம் கெட்டது. நல்லது நடக்கும் என்று தோன்றினாலே எனக்குப் பயம் வந்துவிடும்.

அந்த வாரம் மிஸ்டர் டாப்ஸன் வந்தார். ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எண்பதை நெருங்கும் வயது. இருபத்தொரு பற்கள், ஆகவே நூற்று இருபத்தாறு அளவுகள். கீழே கம்பிக் கொக்கி வைத்த அரைப் பல்செட் போட்டிருந்தார். அளந்து முடித்து, காரையை எடுத்து, கடைசியில் வாய் முழுவதையும் பார்த்தேன். உதடு, கன்னத்தின் உட்புறம், அண்ணம். பிறகு நாக்கின் நுனியைத் துணியால் பிடித்து மெதுவாக வெளியே இழுத்து ஒரு பக்கம் திருப்ப வேண்டும். நாக்கின் விளிம்பைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். வலது பக்கம் சுத்தம். இடது பக்கம் திருப்பினேன். பின்புறமாக ஒரு வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்பு. அளந்தேன். நீளம் ஆறு மில்லிமீட்டர், அகலம் நான்கு.

டாக்டர் ப்ரைஸ் அன்று பிற்பகல் வெளியூர் போயிருந்தார். கண்டதை அப்படியே குறித்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு அவசரமாக அனுப்ப வேண்டும் என்றும் எழுதினேன். அதுவரை எல்லாம் ஒழுங்கு. மிஸ்டர் டாப்ஸன் வாயைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் சரிதானே?" என்றார்.

"ஒன்றுமில்லை. பார்த்துக்கொள்ளலாம்" என்றேன்.

அவர் கோட்டை எடுத்து மாட்ட ஆரம்பித்தார். நான் காத்திருக்கும் அறைக்குப் போனேன். ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி அவருடைய பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள்தான் அவரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டி வந்தவள். நான் அருகில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "பயப்படாதீர்கள். நாக்கில் ஒரு திட்டு இருக்கிறது. புற்றாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவரிடம் இப்போது சொல்ல வேண்டாம். ஆனால் எப்படியாவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்துவிடுங்கள்" என்றேன்.

அவள் முகம் வெளுத்தது. "இதை ஏன் என்னிடம் சொல்கிறீர்கள்?"

"நீங்கள் அவர் மகள்தானே?"

"ஐயா, நான் டாக்ஸி ஓட்டுகிறவள்" என்றாள்.

அந்த நாட்டில் நோயாளியின் வாயில் கண்டதை அவர் சம்மதம் இல்லாமல் பெற்ற மகளிடம் கூடச் சொல்லக் கூடாது. விதி எனக்குத் தெரியும், பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். நானோ வாடகைக்கு வந்த ஓட்டுநரிடம் சொல்லியிருக்கிறேன். அதற்குள் மிஸ்டர் டாப்ஸன் தடியை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தார். "என்ன ரீட்டா, கிளம்பலாமா?" அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவரைக் கூட்டிப் போனாள். அவரை நிறுத்தி அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் உட்கார்ந்தபடியே இருந்துவிட்டேன்.

டாக்டர் ப்ரைஸுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "காலையில் சீக்கிரம் வாருங்கள்" என்றார். அவ்வளவுதான்.

நான் தங்கியிருந்த அறைக்குத் திரும்பும் வழியில் பொதுத் தொலைபேசியில் கிரேஸைக் கூப்பிட்டேன்.

"டாக்ஸிக்காரிகிட்டயா சொன்னீங்க? அவ மகளாட்டம் இருந்தாளாக்கும்?"

"பையப் பிடிச்சிருந்தா."

"நல்லாருக்கு! நம்ம ஆட்டோ முருகன் எம் பையப் பிடிச்சுட்டுத்தான் நிக்காரு. அவரு எனக்கு மகனா?"

"கிரேஸ், வெளையாடாத. கையெழுத்துப் போட மாட்டாங்க. எல்லாம் போச்சு."

"அது கெடக்கட்டும். அந்தப் பெரியவருக்கு யாரு இருக்கா? இந்நேரம் அவருக்குத் தெரிஞ்சிருக்குமே, என்ன செய்யுதாரோ" என்றாள். அதுவரை நான் அவரைப் பற்றி நினைக்கவே இல்லை.

அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. எப்போதும் வழி நெடுகப் பேசுகிற ரீட்டா அன்று வாயைத் திறக்காததால் அவர் துருவியிருக்கிறார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி அவள் சொல்லிவிட்டாள். காலையில் நான் போனபோது அவர் ஏற்கெனவே போன் செய்திருந்தார், வந்துகொண்டிருந்தார்.

டாக்டர் ப்ரைஸ் என்னை உட்காரச் சொல்லி மூன்றே கேள்விகள் கேட்டார். என்ன பார்த்தீர்கள்? அவரிடம் என்ன சொன்னீர்கள்? அந்தப் பெண்ணிடம் என்ன சொன்னீர்கள்? ஒவ்வொன்றுக்கும் சொன்னேன். எங்கள் ஊரில் இப்படித்தான் என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "ஊர் வழக்கத்தைப் பிறகு கேட்கிறேன். இப்போது அவர் வந்ததும் நீங்கள்தான் சொல்லப்போகிறீர்கள். நான் அறையில் இருப்பேன். பேச மாட்டேன்."

மிஸ்டர் டாப்ஸன் ரீட்டாவையும் கூட்டிக்கொண்டு நேரே உள்ளே வந்தார். அவளை வெளியே உட்காரச் சொல்லலாமா என்று டாக்டர் ப்ரைஸ் கேட்டதற்கு, "இவளுக்குத்தான் எனக்கு முன்பே தெரியுமே, இருக்கட்டும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "என் மகளிடம் பேசினீர்களாம். எனக்கு மகளே கிடையாது. இருந்திருந்தால் டாக்ஸிக்குக் காசு கொடுப்பேனா?" என்றார். சிரிக்கச் சொன்னதா, அடிக்கச் சொன்னதா என்று தெரியவில்லை.

இந்தத் தொழிலில் சேர்ந்து இருபது வருடம் கழித்து, முதல் தடவையாக ஒரு நோயாளியின் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். இடது பக்கம், நாக்கின் ஓரம். இவ்வளவு நீளம், இவ்வளவு அகலம். என்னவென்று எனக்குத் தெரியாது. புற்றாக இருக்கலாம் என்று பயப்படுகிறேன். ஆஸ்பத்திரியில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பார்கள். நேற்று இதை உங்களிடம் சொல்லாமல் ஒன்றுமில்லை என்றேன். அது பொய். வேறொருவரிடம் சொன்னேன், அது அதைவிடத் தப்பு.

அவர் தடியின் பிடியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "நாற்பது வருஷம் சிக்னல் பெட்டியில் இருந்தேன். சிவப்பு விளக்கை ஓட்டுநருக்குத்தான் காட்டுவோம். பயணிக்குக் காட்ட மாட்டோம். என் உடம்புக்கு ஓட்டுநர் நான்தான்" என்றார். பிறகு, "நேற்று ராத்திரி பூராவும் இவள் என் வீட்டில் இருந்து தேநீர் போட்டுக் கொடுத்தாள். அதற்கு மட்டும் உங்களுக்கு நன்றி" என்றார். புகார் கொடுப்பதா என்பதை முடிவு வந்த பிறகு சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து நான் காத்திருந்தது இரண்டு தீர்ப்புகளுக்கு. அவருடைய நாக்கு, என்னுடைய கையெழுத்து. டாக்டர் ப்ரைஸ் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வழக்கம்போல மூன்று பற்களை அளந்தார். "ம்" என்றார். இப்போதெல்லாம் அந்த "ம்" எனக்கு ஆறுதலாக இல்லை. டி.சி. வாங்க வேண்டாம் என்று கிரேஸிடம் சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் ஒவ்வொரு போனுக்கும் நர்ஸுக்கு முன்பே நான் எழுந்து நின்றேன்.

ஒரு நாள் மதியம் ரீட்டா மட்டும் உள்ளே வந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. "உட்காருங்கள்" என்றாள். உட்கார்ந்தேன். "உங்களுடன் யார் வந்திருக்கிறார்கள்? மிஸ்டர் டாப்ஸன் கேட்கச் சொன்னார். செய்தியை உங்களிடம் நேரே சொல்லக் கூடாதாம்." அறை வாசலில் நின்ற டாக்டர் ப்ரைஸ், "நான் இருக்கிறேன்" என்றார். இருவரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். முக்கூடல்காரர் ஞாபகத்துக்கு வந்தார். அவர் மச்சான் முகத்தைக் கழுவிக்கொண்டு வரும்வரை அவர் இப்படித்தான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

கதவுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. டாக்டர் ப்ரைஸின் சிரிப்பு. அதுதான் நான் கேட்ட முதல் தடவை.

புற்று இல்லை. பல்செட்டின் கொக்கி நாக்கில் உரசி உரசி வந்த திட்டு. வண்டியிலிருந்து இறங்கி வந்த மிஸ்டர் டாப்ஸனை நாற்காலியில் உட்கார வைத்து, டாக்டர் ப்ரைஸ் கொக்கியை அராவி வழவழப்பாக்கினார். புகார் இல்லை என்றார் மிஸ்டர் டாப்ஸன். டாக்டர் ப்ரைஸ் என் பக்கம் திரும்பி, "ஆறு மாதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன். இன்னும் மூன்று மாதம். அளக்க வந்துவிட்டது. சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள்" என்றார். விடுப்பை மூன்று மாதம் நீட்டக் கெஞ்சிக் கடிதம் போட்டேன். கிடைத்தது. மூன்று மாதம் முடிந்த அன்று கையெழுத்துக் கிடைத்தது. கிரேஸும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். நான் நெஞ்சு நிறைய மூச்சு விட்டது அந்த ரயில் நிலையத்தில்தான்.

பல வருடம் கழித்து ஊர் திரும்பி, பாளையங்கோட்டையில் ஒரு கிளினிக்கில் கடைசி நான்கு வருடம் வேலை பார்த்தேன். சேரன்மகாதேவியில் இருந்து ஒரு வாழைக்காய் வியாபாரி வந்தார். கன்னத்தில் திட்டு. டாக்டரும் பார்த்து, மேல் சோதனைக்கு எழுதிக் கொடுத்து, நீரே சொல்லும் என்று விட்டுவிட்டார். நான் கற்றபடி, கண்ணைப் பார்த்து, ஒளிக்காமல் சொன்னேன்.

முழுதும் கேட்டுவிட்டு அவர் கோபமாக, "இத எதுக்குவே எங்கிட்ட சொல்லுதீரு? எம் மச்சான் வெளியதான நிக்காம், அவங்கிட்ட சொல்லும்" என்றார்.

சுபா, ஜெபா, உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். எந்த நாட்டுக்குப் போனாலும், கூட வந்தவரிடம் சொல்லும் முன் நோயாளியிடம் ஒரு சம்மதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் அன்று கேட்டேன்: "அவரையும் கூப்பிடட்டுமா அண்ணாச்சி?"

"கூப்பிடும், கூப்பிடும்."

கதவைத் திறந்து மச்சானை உள்ளே அழைத்தேன். இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, முதலில் இருந்து சொல்ல ஆரம்பித்தேன்.